காசு வாங்காத ஆட்டத்துக்கு விலை கொடுப்பது யார்?

புதுதில்லி: பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, வெளியே பேச்செல்லாம் ரம்மியையும் 'ஃபேன்டசி' கிரிக்கெட்டையும் பற்றியே இருந்தது. அச் சட்டத்தின் மற்றொரு பகுதி அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. பணயம் ஏதுமின்றி, பொழுதுபோக்குக்காக மட்டும் ஆடப்படும் விளையாட்டுகளை 'இணைய சமூக விளையாட்டு' என்று வகைப்படுத்தி, அவற்றுக்குச் சட்டத்தில் தனி இடம் அளித்திருப்பதே அது.

பந்தால் செங்கல்லை உடைப்பது, விழும் கட்டங்களை அடுக்குவது, நெரிசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்துவது போன்ற சின்னஞ்சிறு ஆட்டங்களை நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் அடுக்கி வைத்திருக்கும் 'ஆர்கேட்' இணையதளங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆடுவோரிடம் இவை காசு வாங்குவதில்லை. விளம்பரமே இவற்றின் வருமானம்.

சட்டம் வந்து மூன்று மாதங்களில், அதாவது 2025 நவம்பரில், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகளையும் மத்திய அரசு அறிவித்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரை இணையத்தில் பின்தொடர்ந்து, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கு இடமில்லை என்கிறது அச் சட்டம். ஆர்கேட் தளங்களின் வாடிக்கையாளர்களில் பள்ளி மாணவர்கள் பெரும் பகுதியினர். ஆக, தில்லியில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் இத் தொழிலுக்குக் கதவைத் திறந்துவிட்டுள்ளது. மற்றொன்று அதன் கல்லாப் பெட்டியில் கை வைத்துள்ளது. குழந்தைகள் காசின்றி ஆடும் ஆட்டத்துக்கு விலை கொடுப்பது யார் என்ற கேள்வி இப்போது தவிர்க்க முடியாததாகி இருக்கிறது.

பிரவுசிங் சென்டர் காலம்:

நாணயத்தைப் போட்டால் ஆட்டம் தொடங்கும் இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்த கூடங்களுக்கு மேலைநாடுகளில் ஆர்கேட் என்று பெயர். நம் நகரங்களில் அவை வீடியோ கேம் பார்லர் என்று அறியப்பட்டன. அந்தக் கூடம் இணையத்துக்குக் குடிபெயர்ந்தபோது நாணயம் மட்டும் காணாமல் போனது.

2000-களின் நடுப்பகுதியில் தில்லியின் முனிர்கா, லட்சுமி நகர் போன்ற மாணவர் குடியிருப்புகளில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. தேர்வு முடிவு பார்க்கவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் வந்தவர்களுக்கு அருகே, பள்ளிச் சீருடையில் சிறுவர்கள் அமர்ந்து இணையத்தில் ஆடிக்கொண்டிருப்பது அன்றைய வாடிக்கையான காட்சி. வீட்டில் கணினி இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் அந்த இருக்கையே விளையாட்டுக் கூடமாக இருந்தது. சென்டர் நடத்துவோருக்கான விதிகளை 2011-இல் மத்திய அரசு கொண்டு வந்தது. அடையாள அட்டை பார்க்க வேண்டும், வந்து செல்வோர் விவரத்தை ஓராண்டுக்குப் பாதுகாக்க வேண்டும், இருக்கைகளுக்கு இடையிலான தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்பன அவற்றில் சில. அடையாள அட்டை இல்லாத சிறுவர்கள் பெரியவர் துணையுடன்தான் வர வேண்டும் என்றும் அவ் விதிகள் கூறின.

இந்தத் தளங்கள் பரவியதற்கு வேகம் குறைந்த இணைப்பும் ஒரு காரணம். மத்திய அரசின் 2004-ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. அந்த வேகத்தில் ஒரு மெகாபைட் அளவுள்ள கோப்பு வந்து சேர சுமார் அரை நிமிடம் ஆகும். தொலைபேசி வழி இணைப்பில் இரண்டரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். குறுந்தகட்டில் விற்கப்பட்ட பெரிய விளையாட்டுகளை அந்த இணைப்பில் இறக்க வழியில்லை. ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும் ஆட்டங்களே பிழைத்தன. அந்தச் சிறிய அளவுக்குள் படம், ஒலி, இயக்கம் மூன்றையும் அடக்கும் மென்பொருளாக 'ஃபிளாஷ்' இருந்தது.

தனி ஒருவர் நுழையக் கூடிய தொழில்:

ஃபிளாஷ் 1996-இல் அமெரிக்காவின் மேக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2005-இல் அந் நிறுவனத்தையே அடோபி வாங்கியது. ஓவியம் வரையத் தெரிந்த ஒருவர், ஓரளவு நிரல் எழுதக் கற்றுக்கொண்டால் சில வாரங்களில் ஓர் ஆட்டத்தை உருவாக்கிவிடலாம் என்பதே இம் மென்பொருளின் பலம். பெரிய முதலீடும் ஊழியர் படையும் தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் நியூகிரவுண்ட்ஸ், லண்டனில் 2001-இல் தொடங்கப்பட்ட மினிகிளிப், சான்பிரான்சிஸ்கோவில் 2006-இல் தொடங்கப்பட்ட கான்கிரிகேட் ஆகிய தளங்கள் உலகெங்கும் அறியப்பட்டன. இந்தியாவில் மும்பையே இத் தொழிலின் தலைநகராக விளங்கியது. விஷால் கோண்டல் 1999-இல் தொடங்கிய இந்தியாகேம்ஸ், அனில் அம்பானியின் ரிலையன்ஸ் குழுமம் 2006-இல் தொடங்கிய ஜபக், அலோக் கெஜ்ரிவால் தொடங்கிய கேம்ஸ்2வின் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஜபக் தனது தளத்துடன் நிற்காமல், 'கேம்ப்ளெக்ஸ்' என்ற பெயரில் விளையாட்டுக்கான கணினி மையங்களையும் நகரங்களில் திறந்தது.

பெரிய நிறுவனங்களுக்கு அப்பால், வீட்டிலிருந்தபடியே ஆர்கேட் தளம் நடத்தியவர்களும் உண்டு. அதற்கெனத் தயார் நிலை மென்பொருள்கள் குறைந்த விலைக்கும் இலவசமாகவும் கிடைத்தன. மாத வாடகைக்கு ஒரு சர்வரில் சிறிது இடமும், ஒரு இணைய முகவரியும் இருந்தால் ஒரே நாளில் தளத்தைத் திறந்துவிட முடிந்தது.

தளத்தின் உள்ளே:

ஆர்கேட் தளத்துக்கான மென்பொருள் அடிப்படையில் ஒரு நூலகப் பட்டியலைப் போன்றது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் கோப்பு, சிறு படம், விளக்கம், எந்தப் பிரிவைச் சேர்ந்தது, திரையில் எவ்வளவு அகல உயரம் வேண்டும் என்ற விவரங்கள் ஒரு தரவுத்தளத்தில் பதிவு செய்யப்படுகின்றன. பார்வையாளர் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும், பிஎச்பி போன்ற மொழியில் எழுதப்பட்ட நிரல் அந்த விவரங்களை எடுத்து, விளம்பரத்துக்கான இடத்தையும் சேர்த்து ஒரு பக்கமாகக் கட்டித் தருகிறது. எத்தனை பேர் ஆடினர், எத்தனை நட்சத்திரம் கொடுத்தனர் என்ற கணக்கும் அதிலேயே சேர்கிறது. அதிகம் ஆடப்பட்டவை முகப்புக்கு வருகின்றன.

இதுவரை வேலை எளிது. சிக்கல் மதிப்பெண் பட்டியலில்தான் தொடங்குகிறது. முதலிடத்தில் தன் பெயரைக் காண வேண்டும் என்பதற்காகவே மீண்டும் மீண்டும் வருவோர் அதிகம் என்பதால், பட்டியல் இல்லாத தளம் சோபிப்பதில்லை. ஆனால், ஆட்டம் நடப்பது தளத்தின் சர்வரில் அல்ல, ஆடுபவரின் கணினியில். மதிப்பெண்ணைக் கணக்கிட்டு அனுப்புவதும் அந்தக் கணினியே. தேர்வெழுதிய மாணவரே விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண் போட்டு அனுப்புவதற்கு ஒப்பானது இது.

அனுப்பப்படும் மதிப்பெண்ணுடன் ரகசியக் குறியீடு ஒன்றைச் சேர்த்து அனுப்பும் முறையைப் பலரும் கையாண்டனர். அந்த ரகசியமும் ஆட்டக் கோப்பினுள்ளேயே இருந்ததால், கோப்பைப் பிரித்துப் படிக்கும் மென்பொருளைக் கொண்டு அதையும் கண்டுபிடித்துவிட்டனர். ஆட்டத்தில் விநாடிக்கு 10 புள்ளிக்கு மேல் பெற முடியாது என்றால், ஒரு நிமிடத்தில் பத்து லட்சம் புள்ளி பெற்றதாக வரும் கணக்கைத் தள்ளிவிடுவது அடுத்த வழி. இதிலும், 590 புள்ளி என்று அடக்கமாகப் பொய் சொல்பவர் தப்பிவிடுவார்.

உறுதியான வழி ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்கும்போதே சர்வர் ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. எந்தக் கட்டம் எப்போது விழும் என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கும். ஆடியவர் எந்தக் கணத்தில் எந்த விசையை அழுத்தினார் என்ற பட்டியலை மட்டும் தளம் பெற்றுக்கொண்டு, அதே ஆட்டத்தைத் தன் சர்வரில் மீண்டும் ஓட்டி, மதிப்பெண்ணைத் தானே கணக்கிடுகிறது. மனிதருக்குப் பதில் ஒரு நிரலே அமர்ந்து ஆடினால் இதுவும் கண்டுபிடிக்காது. வெறுமனே எண்ணை மாற்றி அனுப்பும் மோசடி மட்டும் நிற்கும். ஒவ்வோர் ஆட்டத்தையும் இதற்கேற்ப எழுத வேண்டியிருப்பதால் சிறிய தளங்களுக்கு இது கட்டுப்படியாவதில்லை.

திருட்டே விநியோகமானது:

ஓர் ஆட்டம் ஒரு தளத்தில் புகழ்பெற்றால், அதே வாரத்தில் அது நூறு தளங்களில் அனுமதியின்றித் தோன்றும். சில தளங்கள் கோப்பை நகலெடுக்காமல், முதல் தளத்தின் சர்வரிலிருந்தே அதைத் தங்கள் பக்கத்தில் காட்டும். ஆட்டத்தின் பெருமை அவர்களுக்கு. இணையக் கட்டணம் மற்றவருக்கு.

குறிப்பிட்ட முகவரியில் மட்டுமே ஆட்டம் திறக்கும்படி பூட்டுவது ஒரு தீர்வாக இருந்தது. சான்பிரான்சிஸ்கோவில் 2005-இல் தொடங்கப்பட்ட மோச்சி மீடியா வேறு வழியைக் கண்டது. விளம்பரத்தைத் தளத்தின் பக்கத்தில் வைக்காமல் ஆட்டத்தின் உள்ளேயே, அது ஏறிவரும் சில விநாடிகளில் காட்டும்படி அந் நிறுவனம் செய்தது. எந்தத் தளம் ஆட்டத்தை எடுத்துச் சென்றாலும் விளம்பரம் கூடவே செல்லும். அதன் வருவாயில் பங்கு ஆட்டத்தை உருவாக்கியவருக்கு வந்து சேரும். நகலெடுப்பவர் அதற்குப் பின் அவருக்கு விநியோகஸ்தர் ஆனார். மோச்சி தரும் பட்டியலிலிருந்து நூற்றுக்கணக்கான ஆட்டங்களைத் தானாகவே இறக்கிக்கொள்ளும் வசதியை ஆர்கேட் மென்பொருள்கள் சேர்த்துக்கொண்டன.

2010 ஜனவரியில் சீனாவின் ஷாண்டா கேம்ஸ் 8 கோடி டாலருக்கு மோச்சியை வாங்குவதாக அறிவித்தது. நான்கே ஆண்டுகளில், 2014 மார்ச் 31-ஆம் தேதி மோச்சி மூடப்பட்டது. அதன் விளம்பரங்களையும் ஆட்டப் பட்டியலையும் நம்பியிருந்த சிறு தளங்கள் வருவாயின் ஒரு வழியை ஒரே நாளில் இழந்தன.

மறைந்த மென்பொருள்:

அதைவிடப் பெரிய அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 2007-இல் வெளிவந்த ஐபோன், ஃபிளாஷை ஏற்கவில்லை. மின்கலத்தை விரைவில் தீர்க்கிறது, பாதுகாப்புக் குறைபாடு உடையது, ஒரே நிறுவனத்தின் பிடியில் உள்ளது என்ற காரணங்களை அடுக்கி, ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். 2011 நவம்பரில் செல்பேசிகளுக்கான ஃபிளாஷை அடோபியே கைவிட்டது. முழுமையாக நிறுத்தப்போவதாக 2017 ஜூலையில் அறிவித்து, 2020 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் ஆதரவை முடித்துக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் கோப்புகள் திறப்பதும் தடுக்கப்பட்டது.

இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகைக்குப் பிறகு, இணையம் என்றாலே செல்பேசி என்றாகிவிட்டது. பிரவுசிங் சென்டர்கள் ஜெராக்ஸ் கடைகளாகவும் ஆன்லைன் விண்ணப்ப மையங்களாகவும் மாறின. கேம்ஸ்2வின், ஜபக் ஆகியவை செல்பேசிக்கான ஆட்டங்களின் பக்கம் திரும்பின. இந்தியாகேம்ஸ் டிஸ்னி வசம் சென்றது. நவி மும்பையில் உருவாக்கப்பட்டு 2016-இல் வெளிவந்த லூடோ கிங், 2020 பொதுமுடக்கத்தில் வீடுதோறும் ஆடப்பட்டது. வாய்ப்பு மறையவில்லை, இடம் மாறியது. ஆனால், கடை வைத்திருப்பவர் மாறிவிட்டார். எவரும் தன் சொந்த இணையதளத்தில் ஆட்டத்தை வைக்கலாம் என்ற நிலை போய், கூகுள், ஆப்பிள் ஆகிய இரு நிறுவனங்களின் கடைகளில் அனுமதி பெற்று, அவற்றுக்குப் பங்கும் கொடுத்தாக வேண்டிய நிலை வந்தது.

இருபது ஆண்டுகளில் உருவான ஆட்டங்கள் முற்றிலும் அழியாமல் காத்தவர்கள் தன்னார்வலர்கள். ஆஸ்திரேலியர் ஒருவர் தொடங்கிய 'ஃபிளாஷ்பாயின்ட்' திட்டம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களையும் அசைபடங்களையும் சேகரித்துள்ளது. 'ரஃபிள்' என்ற திறந்த மூல மென்பொருள், பழைய கோப்புகளை இன்றைய பிரவுசர்களில் இயக்கித் தருகிறது. 2020 நவம்பர் முதல் இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனமும் அதைப் பயன்படுத்திப் பழைய ஆட்டங்களைக் காட்சிக்கு வைத்துள்ளது. எவரும் எடுத்து வைக்காத ஆட்டங்கள் அவற்றை வைத்திருந்த சர்வர்களுடன் போயின.

பணயம் புகுந்த காலம்:

விளம்பர வருவாய் சுருங்கிய அதே ஆண்டுகளில், ஆடுவோரிடமே பணம் வாங்கும் விளையாட்டுகள் வளர்ந்தன. திறமை சார்ந்த ஆட்டம் சூதாட்டம் ஆகாது என்று ரம்மி தொடர்பாக 1968-லும் குதிரைப் பந்தயம் தொடர்பாக 1996-லும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் அவற்றுக்கு அரணாக இருந்தன. தமிழகம் 2021-இல் கொண்டு வந்த தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், ஆளுநர் திருப்பி அனுப்பிய புதிய மசோதா மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில் சட்டமானதும் இந்த இழுபறியின் ஒரு பகுதி.

மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டையே கைவிட்டது. 45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டு, 20 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இழந்துள்ளனர் என்ற மதிப்பீட்டை அரசு அப்போது முன்வைத்தது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறிய மசோதாவுக்கு, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணயம் வைத்து ஆடும் விளையாட்டை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதை விளம்பரப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் கூறுகிறது. இதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

ஆர்கேட் தளம் நடத்துவோருக்கு இச் சட்டத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பணம் கட்டிப் பெறும் புள்ளி, நாணயம், டோக்கன் ஆகியவையும் பணயமாகவே கருதப்படும். மேலும், தளத்தின் விளம்பர இடத்தை இடைத்தரகு நிறுவனத்திடம் விட்டுவிட்டு, அதில் என்ன தோன்றுகிறது என்று பாராமல் இருக்க முடியாது. சூதாட்ட விளம்பரம் சிறுவர் ஆட்டத்தின் ஓரத்தில் தோன்றினால், அதை வெளியிட்ட தளமும் கேள்விக்கு உள்ளாகலாம். அதே வேளையில், பணயமாக இல்லாத பட்சத்தில் சந்தாவோ ஒருமுறை நுழைவுக் கட்டணமோ வாங்க சமூக விளையாட்டுகளுக்குச் சட்டம் அனுமதி அளிக்கிறது.

பதினெட்டு வயது வரம்பு:

2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அமெரிக்காவின் இத்தகைய சட்டத்தில் வரம்பு 13 வயது. ஐரோப்பிய நாடுகளில் 13 முதல் 16 வரை மாறுபடுகிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பின்தொடரலும் குறிவைத்த விளம்பரமும் கூடாது என்பவை இந்தியச் சட்டத்தின் முக்கிய நிபந்தனைகள். குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. விதிகளின் முக்கியப் பகுதிகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.

இந் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. இன்றைய விளம்பர முறையில், ஒரு சிறுவன் எந்த ஆட்டத்தை எத்தனை நேரம் ஆடினான், அதற்கு முன் எந்தத் தளத்தில் இருந்தான், எந்த ஊரில் இருக்கிறான் என்பவற்றையெல்லாம் பல நிறுவனங்கள் சேர்த்து வைக்கின்றன. அவன் காசு கொடுக்கவில்லை என்பது உண்மை. எதையும் கொடுக்கவில்லை என்பது உண்மையல்ல.

நடைமுறையில்தான் சிக்கல். பெற்றோரின் வயதையும் அடையாளத்தையும் டிஜிலாக்கர் போன்ற சேவைகள் மூலம் உறுதி செய்யலாம் என்கின்றன விதிகள். பல கோடி வாடிக்கையாளர்களைக் கொண்ட பெரு நிறுவனத்துக்கு அது ஒரு கூடுதல் செலவு. ஓர் அறையில் இருவர் அமர்ந்து நடத்தும் தளத்துக்கோ அது தொழிலின் முடிவு. ஐந்து நிமிடம் ஆடுவதற்காகத் தந்தையின் அடையாளச் சான்றைக் கேட்கும் தளத்துக்கு எந்தச் சிறுவனும் வரப்போவதில்லை. புதிய தொழில் நிறுவனங்களுக்குச் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு எனினும், குழந்தைகள் பற்றிய பிரிவு அவற்றில் சேராது. கல்வி நிறுவனம், மருத்துவமனை போன்றவற்றுக்கு வரம்புடன் விலக்கு தரும் பட்டியலிலும் விளையாட்டுத் தளங்கள் இடம்பெறவில்லை.

கேட்காமலே இருக்கலாம்:

எனினும் வழி அடைபட்டுவிடவில்லை. சட்டம் கட்டுப்படுத்துவது தரவைத்தான், ஆட்டத்தை அல்ல. தரவைச் சேகரிக்காத தளத்துக்குச் சட்டத்தின் சுமையும் குறைவு. பெயர், மின்னஞ்சல் எதையும் கேட்காமல் ஆட விடலாம். எந்தக் கட்டம் வரை முடித்தார் என்ற பதிவை சர்வரில் வைக்காமல் ஆடுபவரின் கருவியிலேயே விட்டுவைக்கலாம். விளம்பரத்தையும் ஆளைப் பார்த்துக் காட்டாமல், பக்கத்தைப் பார்த்துக் காட்டலாம். கிரிக்கெட் ஆட்டத்தின் ஓரத்தில் மட்டை விளம்பரம், புதிர் ஆட்டத்தின் ஓரத்தில் புத்தக விளம்பரம் என்ற அளவில் அது அமையும். இணைய விளம்பரத்தின் தொடக்க காலத்தில் இருந்த முறையே இது. ஆளைத் தொடரும் விளம்பரத்தைவிட இதில் வருவாய் குறைவு என்பதே குறை.

தொழில்நுட்பமும் இப்போது சாதகமாக உள்ளது. ஃபிளாஷின் இடத்தைப் பிடித்துள்ள எச்டிஎம்எல்5, வெப்அசெம்பிளி ஆகியவை எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமல்லாத பொதுத் தர நிலைகள். ஒரு நிறுவனம் முடிவெடுத்தால் ஒரே நாளில் அனைத்தும் அணைந்துபோகும் ஆபத்து இவற்றில் இல்லை. ஃபேசர், கோடோ போன்ற இலவசக் கருவிகளைக் கொண்டு, கணினியிலும் செல்பேசியிலும் ஒருசேர இயங்கும் ஆட்டங்களை எழுத முடிகிறது. நெதர்லாந்தின் போக்கி, பெல்ஜியத்தின் கிரேஸிகேம்ஸ் ஆகிய தளங்கள் இவற்றை நம்பியே இன்று இயங்குகின்றன. உலக அளவில் அறியப்பட்ட அத்தகைய தளம் ஒன்றை இந்தியா இன்று பெற்றிருக்கவில்லை.

அரசின் பக்கமும் செய்ய வேண்டியவை உள்ளன. அனிமேஷன், விளையாட்டுத் துறையை வளர்ப்பதற்கான பணிக்குழு 2022-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அத் துறைக்கான தேசிய மையத்தை மும்பையில் அமைக்க 2024 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பெரும் அரங்குகளுக்குக் கிடைக்கும் இந்த ஊக்கத்தில் ஒரு சிறு பங்கு, அறைக்குள் அமர்ந்து ஆட்டம் எழுதும் தனி மனிதருக்கும் கிடைக்க வேண்டும். குழந்தைகளின் தரவு பாதுகாப்பாகக் கையாளப்படுவதாக அரசு மனநிறைவு அடைந்தால், வயது வரம்பில் தளர்வு அளிக்கத் தரவுச் சட்டத்திலேயே இடமுண்டு. எதையும் சேகரிக்காத, பின்தொடராத தளங்களுக்கு எளிய நடைமுறை ஒன்றை வகுப்பதற்கு அப் பிரிவைப் பயன்படுத்தலாம். அவ்வாறு செய்தால், குழந்தையைப் பின்தொடராமல் இருப்பதே லாபம் என்ற நிலை உருவாகும்.

அட்டாரி நிறுவனம் 1979-இல் வெளியிட்ட 'ஆஸ்டராய்ட்ஸ்' இயந்திரம், அதிக மதிப்பெண் பெற்றவரிடம் மூன்றே எழுத்துகளைக் கேட்டது. அவர் யார், வயது என்ன, எந்த ஊர் என்பவை அதற்குத் தேவைப்படவில்லை. மூன்று எழுத்து பட்டியலில் ஏறியதைக் கண்டே ஆடியவர்கள் மகிழ்ந்தனர். நாணயத்தைக் கைவிட்ட இணைய ஆர்கேட்டுகள், அதற்கு ஈடாக ஆடுபவரின் விவரங்களைக் கேட்கத் தொடங்கியதில்தான் தவறு நேர்ந்தது. தரவுச் சட்டத்துக்குத் தரப்பட்ட பதினெட்டு மாத அவகாசம் 2027-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் முடிகிறது. மூன்று எழுத்துகளுடன் மனநிறைவு கொள்ளும் தளங்களை நம்மவர்கள் உருவாக்கிக்கொள்ள இருக்கும் காலமும் அதுவே.